படுவான்கரை நாணல்

குருக்கள்மடம்

புஸ்பம்,

1997 ஒக்ரோபர் 13, திங்கட்கிழமை, காலை 6.40. உன் வளவின் ஆற்றோரத்தில் நிற்கும் தென்னை: ஆறு. போன மாரிக்கு முன் ஒன்பது. மூன்று தண்ணீருக்குள் போய்விட்டன.

இதைத் துறையில் நின்று, என் கந்தோரின் மட்டக் கருவியால், நில மட்டம் அளக்கும் தொலைநோக்குக் குழாயால் பார்த்து எழுதுகிறேன். துறை வீதியை உயர்த்துவதற்கு மட்டம் எடுக்கிறோம். வேலைக்கு நடுவில் குழாயை மெல்ல உன் பக்கம் திருப்பினேன். குற்றம் என்றால் குற்றம்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கரையை ஆறு அரிக்கிறது. இந்த மாரிக்குத் தென்னை, அடுத்த மாரிக்கு அடுக்களை, அதற்கடுத்ததற்கு வீடு. கல்லும் சீமெந்தும் இருந்தால் ஒரு கிழமையில் அணை கட்டித் தருவேன். சீமெந்தை ஒரு பை கூட ஆமிக்காரர் துறை தாண்ட விடமாட்டார்கள். அங்கே போனால் இயக்கப் பொடியன்கள் பதுங்கும் பங்கராகிவிடுமாம். ஆகவே கட்ட வழியில்லை. வழியில்லாத வேலையைப் பிடித்துக்கொண்டிருப்பது மடத்தனம்.

என் முடிவு இது. நீயும் மாமியும் படுவான்கரை வீட்டைப் பூட்டிவிட்டு இந்தப் பக்கம், எழுவான்கரைக்கு வாருங்கள். இங்கே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன். தை மாதம் கலியாணம். அம்மாவும் சம்மதம்.

இரத்தினம்மா அக்கா தயிர்ச் சட்டியெல்லாம் விற்றுவிட்டுப் பின்னேர மிதவைப் பாதையில் ஆற்றைக் கடந்து திரும்புவா. அவவிடம் இதைக் கொடுக்கிறேன். அடுத்த சந்தைக்குள் பதில் வேண்டும். ஓம் அல்லது இல்லை.

அழகரத்தினம்

* * *

அம்பிளாந்துறை
20.10.97

அன்புள்ள மச்சானுக்கு,

ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கொஞ்சம் பொறுங்க.

ஒருத்தியின் வளவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று குழாயால் பார்ப்பது என்ன பழக்கம்? அன்று அந்த நேரம் நான் கிணற்றடியில் நின்றேன். நல்ல காலம், உங்கட குழாய் தென்னையை மட்டும் எண்ணியிருக்கிறது.

வீட்டுக் கதைக்கு வாறன். இது அப்பா எனக்கென்று கட்டியது. நான் பிறந்த கிழமை அத்திவாரம் வெட்டினாராம். நம்மட வழக்கம் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவது. உங்கட அப்பாவும் அப்படித்தான் உங்கட அம்மா வீட்டுக்கு வந்தார். யாரோ ஒருவருடைய முற்றத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டிக்கொண்டு நான் யாராக இருப்பேன்?

கரை போகிறதென்றால் போகட்டும். போகிற கரை வடிவாகப் போகட்டும் என்று நேற்று ஒரு வேலை தொடங்கினேன். வயல் வட்டைக்குப் போகும் வாய்க்காலோரத்தில் நாணல் நிற்கிறதல்லவா? விடியப்புறம் பனிக்குள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று இல்லாத நேரத்திலும் அது அசையும், நித்திரையில் யாரோ கேள்வி கேட்டதற்குத் தலையாட்டுவது மாதிரி. அதில் கொஞ்சத்தை மண்வெட்டியால் கொத்தி, வேரோடு பிடிபிடியாகப் பிரித்து, சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்தேன். கையெல்லாம் புல் வெட்டிய கீறல்.

அம்மா வாசலில் நின்றா. "என்னகா புள்ள, ஊரெல்லாம் புல்லைப் புடுங்கி எறியிது. நீ புல்லைச் சுமந்து வாறாய்?"

"ரோசாக்கண்டு வாங்க டவுனுக்குப் போக ஏலாதேம்மா. இதுதான் என்ட ரோசா."

மச்சான், ஒரு பந்தயம். இந்த மாரி முடியட்டும். அடுக்களை விழுந்தால் நானும் அம்மாவும் அங்கே வாறம். வாடகை வீட்டில் வாய் திறக்காமல் இருப்பேன். அடுக்களை நின்றால் நீங்க இங்கே வாங்க.

புஸ்பம்

* * *

குருக்கள்மடம்
1.11.97

புஸ்பம்,

உன் கடிதம் தயிர் மணத்தது. இரண்டு தரம் வாசித்தேன். வடிவுக்காகக் கரையில் புல் நடுகிறவளை நான் இப்போதுதான் காண்கிறேன். வாய்க்கால் துப்புரவு என்றால் நாங்கள் முதலில் வெட்டி எறிவது இந்த நாணலைத்தான்.

டொமினிக்கிடம் சொல்லியிருக்கக் கூடாது. கந்தோரில் என்னோடு அளவுகோல் பிடிக்கிறவன் அவன். "மச்சான், சீமெந்துக்குப் பதில் புல்லா? அப்ப அடுத்த அணைக்கட்டைக் கீரையில கட்டுவம்" என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிகிறான்.

ஆனால் யோசித்தேன். நாணலின் வேர் ஒரு ஆள் உயரத்துக்கு இறங்கும். பக்கத்திலும் ஓடும். நாங்கள் மண்ணுக்குள் கம்பி வலை போடுவதில்லையா, அந்த வேலையை அது சம்பளமில்லாமல் செய்யும். வருசம் வருசம் நடவும் தேவையில்லை. மேலே கருகினாலும் அதே குத்தில் திரும்ப முளைக்கும். வடிவைப் பற்றி எனக்குத் தெரியாது. வேரைப் பற்றித் தெரியும்.

ஆகவே நடுகிறதென்றால் ஒழுங்காக நடு. நேர் வரிசை இரண்டு. முன் வரிசையில் இடைவெளி வரும் இடத்துக்கு நேரே பின் வரிசையில் ஒரு பிடி. குத்துக்குக் குத்து ஒரு முழம். காலால் மிதித்து மண்ணை இறுக்கு. இலையை ஒரு சாணுக்கு வெட்டிவிடு, வேர் ஓடட்டும். மாடு வராமல் முள்ளுப் போடு.

பந்தயம் சரி. தோற்கப்போவது நீதான்.

அழகரத்தினம்

* * *

அம்பிளாந்துறை
28.11.97

அன்புள்ள மச்சானுக்கு,

மாரி வந்துவிட்டது. எங்கே ஆறு முடிகிறது, எங்கே மழை தொடங்குகிறது என்று தெரியவில்லை. உங்கட கரை காணாமல் போய்விட்டது. எழுவான்கரை என்று ஒன்று இருந்ததா, அங்கே ஒரு கோபக்காரன் நின்றானா, எல்லாம் நான் கண்ட கனவா என்று அடுப்படியில் இருந்து யோசிக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி மிதித்தேன், முள்ளுப் போட்டேன். நேர் வரிசை மட்டும் என் கைக்கு வரவில்லை. ஆறு வளைகிற மாதிரியே வளைத்து நட்டேன். இலையையும் வெட்டவில்லை. வெட்டினால் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

போன கிழமை வெள்ளத்தில் நாலைந்து குத்து கழன்று போனது. வேரோடும் மண்ணோடும் நிமிர்ந்தபடியே மிதந்து போனது, குட்டிக் குட்டித் தீவு மாதிரி. ஒன்றின் மேல் ஒரு கொக்கு ஏறி நின்று, ஆமியிடம் பாஸ் எடுத்த ஆள் மாதிரி உங்கட பக்கம் போனது. நான் மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மிச்சத்தைத் தென்னந்தும்புக் கயிற்றால் முளையில் கட்டியிருக்கிறேன்.

தோளில் துவக்கோடு திரிகிற இயக்கப் பொடியன்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். "அக்கா, இதென்ன, மறைவுக்கு வளக்கிறீங்களா?" "பார்க்க வளக்கிறன்" என்றேன். "என்னத்தைப் பார்க்க?" "இதைத்தான் தம்பி." ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

புஸ்பம்

* * *

குருக்கள்மடம்
5.1.98

புஸ்பம்,

நீ சொன்னதைக் கேட்கமாட்டாய் என்று தெரியும். வளைத்து நட்டதால் பிழையில்லை. தண்ணீரின் வேகத்துக்கு வளைவு நல்லது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ கணக்குப் போட்டிருக்கமாட்டாய்.

நேற்று மழை விட்ட நேரம் குழாயைத் திருப்பினேன். இந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். பழைய கண்ணாடி, அதன் அமைப்பு அப்படி. எங்களுக்கு அது பழகிவிடும். மூளை தானாக நேராக்கிக்கொள்ளும். நேற்று மட்டும் என் மூளை அந்த வேலையைச் செய்யவில்லை.

மேலே ஆறு, அசையாமல். கீழே வானம். ஆற்றிலிருந்து உன் நாணல் பச்சையாகக் கீழ்நோக்கித் தொங்கியது. அடுக்களைக் கூரையிலிருந்து புகை கிளம்பி, மெல்லக் கீழே விழுந்து வானத்துக்குள் கரைந்தது. பிறகு நீ வந்தாய். கால் மேலே, தலை கீழே, இடுப்பில் குடம். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நாணலைக் கையால் ஒதுக்கிக்கொண்டு மேலே ஒட்டியபடி நடந்தாய். நீ மறையும்வரை நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. டொமினிக் அளவுகோலோடு முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினான்: "டேய், எவ்வளவு வாசிக்கிறாய்? நான் வேர் விட்டிடுவன்டா!" ஒன்றும் வாசிக்கவில்லை. அன்றைய தாளில் ஒரு இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

இன்னொரு விசயம். அம்மா அவசரப்படுகிறா. புளியந்தீவில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ஓட்டு வீடு, கரண்ட் இருக்கிறது, பெண்ணுக்கு உத்தியோகம். ஒளிப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் எழுதுகிறேன். ஆகவே பந்தயத்தைச் சுருக்குவோம். பொங்கலோடு ஒரு முடிவு சொல்லு.

அழகரத்தினம்

* * *

அம்பிளாந்துறை
2.2.98

மச்சானுக்கு,

மாரி முடிந்தது. தென்னை ஒன்று போனது. அடுக்களை நிற்கிறது. பந்தயத்தில் நான் வென்றேன். வென்றதற்கு எனக்கு ஒன்றும் வேண்டாம்.

புளியந்தீவில் கரண்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. இங்கே குப்பி விளக்குத்தான்.

குழாயை இனி இந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்.

புஸ்பம்

* * *

குருக்கள்மடம்
20.2.98

புஸ்பம்,

இரத்தினம்மா அக்கா உன் கடிதத்தைத் தரும்போதே, "என்னத்தை எழுதித் துலைச்சாய் தம்பி? அந்தப் புள்ள முகம் குடுக்குதில்ல" என்றா. இப்போதுதான் விளங்குகிறது.

நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறேன். மற்றப் பாதி இது. அம்மா அந்தச் சம்பந்தத்தைச் சொன்ன அன்றே "ஏலாது" என்றேன். "ஆத்துக்கு அங்கால புல்லு வளக்கிறவளுக்காகவா?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். அதன் பிறகு சோறு போடுகிறா, பேசுகிறா இல்லை. இதை ஏன் எழுதாமல் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மனதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத எனக்கு வராது.

நீ வென்றாய். நான் வர வேண்டும். என் வயதில் ஒருவன் மிதவைப் பாதையில் ஏறினால் இந்தப் பக்கம் ஆமிக்காரர் ஏன் போகிறாய் என்பார்கள், அந்தப் பக்கம் பொடியன்கள் ஏன் வந்தாய் என்பார்கள். அதற்கு ஒரு வழி பார்க்கிறேன். குழாயைத் திருப்பமாட்டேன். பதில் எழுது.

அழகரத்தினம்

* * *

குருக்கள்மடம்
14.6.98

புஸ்பம்,

மிதவைப் பாதையை நிறுத்தி ஒரு மாதமாகிறது. இரத்தினம்மா அக்கா வரவில்லை, ஒருவரும் வரவில்லை. இந்தக் கடிதம் எப்போது வந்து சேரும் என்று தெரியாது. எழுதி மேசையில் வைக்கிறேன்.

கச்சான் காற்று உன் பக்கத்திலிருந்து வீசுகிறது. அதற்கு மட்டும் பாஸ் தேவையில்லை. நேற்றுக் கந்தோர் வரைபடத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு யன்னலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. மூடப் போனவன் மூடவில்லை. சுடுகாற்று, மண் மணம், அதற்குள் ஏதோ ஒரு பச்சை மணம். உன் நாணலாக இருக்காது. இருந்தால் என்ன என்று நின்றேன்.

உன் பக்கம் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்கிற நாள்களில், காலையில் முதல் வேலையாகத் துறைக்குப் போய் உன் கூரை நிற்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பேன். ஒரு புள்ளி மாதிரித் தெரியும். அது போதும் என்று வேலைக்குப் போவேன். போதவில்லை.

ஒரு வரி எழுது. கோபமான வரி என்றாலும் சரி.

அழகரத்தினம்

* * *

குருக்கள்மடம்
17.9.98

புஸ்பத்துக்கு, அல்லது இதை வாசிப்பவர் யாரோ அவருக்கு,

இன்று காலை, சொன்ன சொல்லை மீறி, குழாயை உன் பக்கம் திருப்பினேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் அப்போதுதான் எழும்பியது. உன் கரை முழுவதும் வெள்ளை. வேலியிலிருந்து வேலி வரை வெள்ளைத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டியது போலத் தலைகீழாகத் தொங்கி ஆடியது. வெள்ளைக் கொடி எதற்குக் கட்டுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் அப்பா கோணாமலை மாமாவின் செத்தவீட்டுக்கு உன் வேலியில் கட்டியவன் நான்தான்.

கருவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கரையில் கட்டியிருந்த தோணி ஒன்றில் ஏறிவிட்டேன். துறைச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரர் இழுத்து இறக்கினார்கள். "எதைப் பார்த்தாய்?" என்றார்கள். "செத்தவீடு" என்றேன். ஒரு சிப்பாய் போய்க் குழாய்க்குள் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, "மல், மல்" என்றான். சிங்களத்தில் மல் என்றால் பூ. செத்தவீட்டுக்குப் பூ வைத்திருக்கிறார்கள் என்கிறான் என்று நினைத்தேன். அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறானே என்று அவன் மேல் பாய்ந்துவிட்டேன். டொமினிக் வந்து, அவர்களுடைய பெரியவரிடம் மன்றாடி, பின்னேரம் விட்டார்கள். அடையாள அட்டையை வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் துறைப்பக்கம் போக ஏலாது.

வியாபாரிகள் சிலருக்குப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். தயிர் வாங்க வரும் கச்சி முகம்மது காக்கா நாளைக் காலைத் தோணியில் வருகிறார். உன்னை அவருக்குத் தெரியாது. வெள்ளை கட்டிய வளவு என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன்.

யார்? மாமியா? மாமி என்றால், புஸ்பம், நான் நீந்தியாவது வருவேன். நீ தனிய நிற்காதே.

நீ என்றால், இதை மாமிக்கு யாரோ வாசித்துக் காட்டுவார்கள். மாமி, நான் வருவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரிவரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அழகரத்தினம்

* * *

அம்பிளாந்துறை
18.9.98

மச்சான்,

அது நாணல் பூ.

மூச்சை விடுங்க. விட்டபிறகு மிச்சத்தை வாசியுங்க. நான் இருக்கிறேன். அம்மா இருக்கிறா. வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

கச்சி முகம்மது காக்கா வேலியடியில் வந்து, குரலைத் தாழ்த்தி, "செத்தவீடு இதுதானா மகள்?" என்று கேட்டார். அம்மா விறகோடு வந்தா. "ஆர்ர செத்தவீடு?"

"உங்கட வீடுதானாம் அக்கா. ஆத்துக்கு அங்கால ஒரு தம்பி கண்ணெல்லாம் வீங்கி நிண்டு சொன்னார்."

அம்மா விறகைக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்திலேயே இருந்து சிரித்தா. மறுகா, சிரித்த வாயாலேயே அழுதா. காக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காசு வாங்காமல் அவருக்கு இரண்டு சட்டி தயிர் கொடுத்தோம்.

நீங்கள் நாணலை வெட்டி எறிந்தவர். பூக்க விட்டதில்லை. முதலில் செம்பட்டையாக ஒரு குருத்து வந்தது, பூனைவால் மாதிரி. ஒரு நாள் விடிய அது அவிழ்ந்து வெள்ளியாக நின்றது. அடுத்த நாள் பக்கத்தில் ஒன்று. இப்போது கரை முழுவதும். உங்கட பக்கத்திலிருந்து வெயில் ஆற்றைக் கடந்து வந்து அதற்குள் இறங்கும் நேரம், நான் உள்ளே போய் நிற்பேன். தலைக்கு மேலும் வெள்ளை. வீடு தெரியாது, ஆறு தெரியாது. எந்தப் பக்கம் யாருடையது என்று தெரியாது. நிற்கிறேனா, மிதக்கிறேனா என்றும் தெரியாது. நேற்றும் அதற்குள்தான் நின்றேன். நீங்கள் என்னைச் சாகக் கொடுத்து ஓடிய அந்த நேரம், நான் பூவுக்குள் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிப்பாய் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். உங்களை அடித்தார்களா? அதை எழுதவில்லை. நீங்கள் எழுதாமல் விடுகிற பாதியை வாசிக்க நான் இப்போது பழகிவிட்டேன்.

மாசியில் உங்கட கடிதம் கிடைத்தது. உடனே எழுத ரோசம் விடவில்லை. ரோசம் அடங்கி எழுதிய நேரம் பாதை நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனியில் எழுதியதும் இன்றைக்குத்தான் காக்காவின் கையால் வந்தது.

அம்மா சொல்றா: "நாம அங்க போவம் புள்ள. இல்லாட்டி அந்தப் பொடியன் பயத்திலயே செத்துப்போவான்." கடிதத்தை வாசித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. பூட்டிவிட்டு வர வீட்டுத் திறப்பைக் கையில் எடுத்தும் விட்டேன். பிறகு கரைக்குப் போய்க் காலால் மண்ணை உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. திறப்பை வைத்துவிட்டேன்.

வாங்க என்று எழுதமாட்டேன். இங்கே வந்து உங்களுக்கு ஒன்று என்றால், உள்ளபடி வெள்ளை கட்ட வேண்டியவள் நான். வராதீங்க என்று எழுதவும் கை வருகுதில்லை. என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. அதைத் தாளில் எழுத ஏலாது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

காக்கா தோணியில் ஏறிக் கூப்பிடுகிறார்.

புஸ்பம்

* * *

குருக்கள்மடம்
29.9.98

புஸ்பம்,

அட்டை நேற்றுத் திரும்பக் கிடைத்தது. இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதை இடையில் வந்த டொமினிக் வாங்கினான். கன்னத்தைத் தடவிக்கொண்டு, "உன்ட புல்லால வந்த வினை" என்கிறான். அட்டையைத் தந்தது அதே சிப்பாய். "உங்கட ஆள் செத்தது யாரு?" என்று அரைத் தமிழில் கேட்டான். "மல்" என்றேன். அவன் சிரித்தான். இந்த முறை நானும் சிரித்தேன்.

உன் பக்கத்துக் குளத்தின் மதகு வேலைக்கு ஆள் கேட்டு ஒரு கடிதம் ஒரு வருசமாகக் கந்தோரில் கிடக்கிறது. படுவான்கரை என்றதும் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். நான் கேட்டேன். கந்தோர்ப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "தம்பிக்குச் சுகமில்லையா?" என்றார். "நல்ல சுகம்" என்றேன். கையெழுத்து வைத்துவிட்டார். உத்தியோக வேலை என்றால் இரண்டு பக்கமும் விடுவார்கள் என்கிறார்கள். விடாமலும் இருக்கலாம். எனக்கும் பயம் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுத்தேன்.

செய்யப்போவது இதுதான்.

1. வெள்ளிக்கிழமை மட்டக் கருவியைக் கந்தோரில் ஒப்படைத்துவிடுவேன். அதை ஆற்றுக்கு அங்கால் கொண்டுவருவது ஆபத்து.

2. மாற்றக் கடிதத்தில் மூன்று பிரதி எடுப்பேன். ஒன்று இந்தப் பக்கம் காட்ட, ஒன்று அந்தப் பக்கம் காட்ட, ஒன்று இரண்டு பக்கமும் கிழித்தெறிந்தால் வைத்திருக்க.

3. அம்மாவை வரச்சொல்லிக் கேட்பேன். வந்தால் கூட்டி வருவேன். வராவிட்டால், அவ பேசும்வரை சந்தைக்குச் சந்தை இரத்தினம்மா அக்காவிடம் ஒரு சட்டி தயிர் கொடுத்தனுப்புவேன்.

4. ஞாயிறு தொடக்கம் மிதவைப் பாதை திரும்ப ஓடுமாம், அன்று காலை முதல் பாதையில் ஏறுவேன். எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் குளத்துக்கு என்பேன்.

5. மாமியைக் கும்பிடுவேன். எவ்வளவு சிரித்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

6. உன் முற்றத்தில் நிற்பேன். நீ சொல்ல வைத்திருப்பதைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அது "இல்லை" என்றாலும், மதகு வேலை இரண்டு வருசத்துக்கு. நான் படுவான்கரையில்தான் இருப்பேன்.

அழகரத்தினம்